மெஷினுக்கு ஒரு ஜாடி கல்லுப்பு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு டிஷ்வாஷர் கைமாறிப் போயிருக்க வேண்டியது. மயிரிழையில் தப்பியது!

ஆமாம், பாத்திரம் கழுவும் மெஷினேதான். வெளிநாட்டிலிருந்து திரும்பிய என் அண்ணன் கப்பலில் கொண்டுவந்து கொடுத்தது. எங்கள் சைனிக்புரி காலனியிலேயே எங்கள் வீட்டில் மட்டும்தான் என்று நான் அலட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. சில மாதம்தான்... அப்புறம் கழுவி வந்த டம்ளரெல்லாம் விபூதி பூசிக்கொண்டு நின்றன. தட்டில் பருக்கை. கதவைத் திறந்தால் ஒரு நாற்றம் — கேட்காதீர்கள்.

"வித்துடலாம் சரோ. அடுத்த தெரு கேப்டன் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கார். சாயங்காலம் வரச் சொல்லிட்டேன்" என்றார் என் கணவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாரம் தவறாமல் இந்தப் பத்தியை நான் எப்போது எழுதுகிறேன் என்று நினைக்கிறீர்கள்? ஆபீஸ் விட்டு வந்து, சமைத்துப் போட்டு, மெஷின் பாத்திரம் கழுவுகிற அந்த ஒரு மணி நேரத்தில்தான்! மெஷின் போனால் பத்தியும் போச்சு. விடுவேனா?

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். அடியிலிருந்த ஃபில்டரைத் திருகி எடுத்தேன். ஐயையோ! கறிவேப்பிலை, கடுகு, முருங்கைக்காய்ச் சக்கை... பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். தண்ணீரைச் சுழற்றி அடிக்கிற கை மாதிரி ஒன்று இருக்கிறதே, அதில் பாதித் துளைகள் அடைப்பு. ஊக்கால் குத்தக் குத்தக் கடுகு உதிர்ந்தது. எனக்கோ ஒரே குஷி! எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி, பாத்திரம் வைக்காமல் சுடுதண்ணீரில் ஓடவிட்டேன். உள்சுவரில் படிந்திருந்த வெள்ளையெல்லாம் கரைந்தே போனது.

"எத்தனை தேய்ச்சாலும் மறுபடி வெள்ளை பூக்கத்தான் செய்யும். நம்ம போர் தண்ணி அப்படி" — பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல்.

"உங்க ஃபாக்டரியிலயும் போர் தண்ணிதானே? அங்க பாய்லர் மட்டும் எப்படி நல்லா இருக்கு?" என்று வெடித்தேன்.

இவருக்குப் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் பாய்லர் பிரிவில் வேலை. "அதுக்கு சாஃப்ட்னர் இருக்கு. தண்ணியில இருக்கிற சுண்ணாம்பை அது பிடிச்சு வச்சுக்கும். அப்பப்போ உப்புத் தண்ணி விட்டு அலசினா, மறுபடி வேலை செய்..." பேப்பர் இறங்கியது. "சரோ! ஃபில்டர் பக்கத்துல ஒரு மூடி இருக்குமே?"

இருந்தது. வந்த நாளிலிருந்து நாங்கள் திறக்காத மூடி! அதற்குள் உப்புப் போட வேண்டும் என்று அண்ணன் சொன்னபோது இருவருமே சிரித்தோம். ஸ்டீல் பாத்திரத்தில் யாராவது உப்பு வைப்பார்களா? பொத்துக்கொள்ளாதா? உப்பு என்றால் ஜாடியில்தானே வைப்போம்!

"ஃபாக்டரி சாஃப்ட்னர்ல தினம் மூட்டை மூட்டையா உப்புக் கொட்டறேன், இதுலயும் அதேதான்னு எனக்கே தோணலையே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆபீஸ் மூளையைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவோம் போலிருக்கிறது, நாம் எல்லாரும்.

ஜாடியிலிருந்த கல்லுப்பு முழுவதையும் அந்த மூடியைத் திறந்து உள்ளே கொட்டினோம். சிந்தியதை அலசிவிட்டு, டிபன் பாத்திரங்களை அடுக்கி, பட்டனைத் தட்டினோம். முடிந்ததும் திறந்தால்... டம்ளரில் என் முகம் தெரிந்தது! "ஏங்க, பாருங்களேன்!" என்று கத்தியே விட்டேன்.

சொன்னபடி சாயங்காலம் கேப்டன் வந்தார். ஒரு டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஹவ்! பஹுத் அச்சா!" என்று இந்த ஊர் இந்தியில் மெச்சிவிட்டுப் பர்ஸை எடுத்தார். நான் மெஷினுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"நக்கோ சாப், வேண்டாம். விக்கலை" என்றார் இவர்.

"கைக்கு?" என்றார் கேப்டன்.

ஏன் என்று கேட்டால் என்ன சொல்வார்? தலையைச் சொறிந்தார். என்னைப் பார்த்தார். பிறகு தன் அரைகுறை இந்தியில் சொன்னார்: "என் பீவி எழுதுறவங்க, சாப். அந்த ஒரு மணி நேரம் அவங்களுக்கு வேணும்."

கேப்டனுக்குக் கலந்த காபியில் சர்க்கரையை இரண்டு முறை போட்டுவிட்டேன். சந்தோஷம்தான், வேறென்ன!

இத்தனைக்கும் இந்த மனுஷர் என் பத்தியில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. போகட்டும்... வாரா வாரம் ஃபில்டரைக் கழுவுகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறாரே!