நாலாம் கவுண்டரின் வேகம்

கடையின் பின்கட்டில், பைகள் மாட்டும் ஆணிகளுக்கு மேலே, திங்கட்கிழமைதோறும் ஒரு தாள் ஒட்டுவார்கள். பில் போடும் பெண்கள் நிமிடத்துக்கு எத்தனை பொருளை மெஷினில் காட்டினார்கள் என்று அதில் இருக்கும். பதினெட்டுக்குக் கீழே இருந்தால் சிவப்பு. மூன்று வாரம் தொடர்ந்து சிவப்பு வந்தால் கவுண்டரிலிருந்து எடுத்து, கிடங்கில் மூட்டை தூக்கப் போட்டுவிடுவார்கள்.

நாலாம் கவுண்டர்க்காரிக்கு ஏற்கெனவே இரண்டு சிவப்பு. மூன்றாம் வாரம் வலது மணிக்கட்டு வேறு வீங்கிக்கொண்டது. எண்ணெய் டின்னை இரண்டு கையாலும் அணைத்துத்தான் தூக்கினாள். வரிசையில் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். இந்தக் கையோடு கிடங்குக்குப் போனால் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. அதனால் அந்தத் திங்கட்கிழமை தாளைக் கீழிருந்து மேலாகப் படித்தாள். கீழே அவள் இல்லை. நடுவிலும் இல்லை. எல்லோருக்கும் மேலே, பச்சையில், இருபத்திரண்டு என்று இருந்தாள்.

“ஏன்டி, கையில ஏதாவது தைலம் தடவுறியா? இருந்தா எனக்கும் கொஞ்சம் குடு” என்றாள் பக்கத்துக் கவுண்டர்க்காரி. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்ததால் அவளுக்குக் கண்ணாடி என்றே பெயர்.

“எனக்கே புரியலடி.”

வீட்டில் கணவனிடம் சொன்னாள்.

“மெஷின் பொய் சொல்லுமா? நல்லது நடந்தாலும் நீ நம்ப மாட்ட” என்று அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

தான் மெதுவாகத்தான் வேலை செய்தோமா, அல்லது வலியில் அப்படித் தோன்றியதா? அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வியாழக்கிழமை புதிய தாள் ஒட்டினார்கள். இனிமேல் எல்லோருக்கும் குறைந்தது இருபத்திரண்டு. பத்தொன்பதில் நிம்மதியாக இருந்த கண்ணாடி, ஒரே நாளில் சிவப்புக்குப் போனாள். அன்று மதியம் அவள் தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை கடை திறந்ததும் சூப்பர்வைசர் மற்ற ஆறு பெண்களையும் நாலாம் கவுண்டரைச் சுற்றி நிற்கவைத்தார். அவளைவிடப் பத்து வயது இளையவர், ஆனாலும் சார்.

“அக்கா, நீங்க எப்படிப் பண்றீங்கன்னு இவங்களுக்குக் காட்டுங்க.”

ஆறு ஜோடிக் கண்கள் தன் கையையே பார்த்ததில் அவளுக்குக் காது சூடேறியது. மெஷினில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒரு நிமிடம் முடிந்ததும் சூப்பர்வைசர் திரையைப் பார்த்தார். பதின்மூன்று.

“அக்காவுக்குக் கூச்சம்” என்றார். மறுபடி செய்யச் சொன்னார். பன்னிரண்டு.

அந்த நேரம் பார்த்து, லாட்ஜுகளுக்குச் சாமான் போடுகிறவர் தள்ளுவண்டியோடு வந்தார். குட்டிச் சோப்பு தள்ளுபடியில் கிடந்ததால் முந்தின வாரம் மூன்று தடவை வந்தவர். “அதே ரெண்டாயிரத்து ஐநூறும்மா” என்றார். அவள் வழக்கம்போல ஒரு சோப்பை மெஷினில் காட்டி, எண்ணிக்கையை அடித்தாள். திரையில் எண் ஒரே தாவாகத் தாவிப் பச்சையாகிவிட்டது.

அவளுக்கே அப்போதுதான் விளங்கியது.

“சார், இது என் கை இல்ல. இவரு சோப்பு.”

“தெரியுது.” சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார். “ஆனா இருபத்திரண்டுன்னு மேல அனுப்பிட்டேனேக்கா. பேசாம இருந்திருக்கலாமில்ல?”

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடி தலையை நிமிர்த்தவே இல்லை.

“தப்புன்னு எழுதிடுங்க சார்” என்றாள்.

அவர் எழுதினார். திங்கட்கிழமை எல்லோருக்கும் பழையபடி பதினெட்டு வந்தது. சோப்பைக் கழித்துப் பார்த்ததில் அவளுடைய மூன்றாம் வாரம் பதினாலு, சிவப்பு. “ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானேக்கா” என்றார் சூப்பர்வைசர், முகத்தைப் பார்க்காமல்.

பின்கட்டில் கண்ணாடி அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். “யாருடி உன்னச் சொல்லச் சொன்னது?” அது கோபமா, அழுகையா என்று தெரியவில்லை. கேட்கலாம் என்று பார்ப்பதற்குள் கண்ணாடியின் கவுண்டரில் மணி அடித்துவிட்டது.

கிடங்கில் இருந்த பெரியவர் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். “என்னம்மா தப்புப் பண்ணின?”

அவள் நின்று யோசித்தாள். வேகமாகச் செய்யாதது தப்பா, வேகம் வந்தது தப்பா, வரவில்லை என்று சொன்னது தப்பா?

“தெரியலண்ணே.”

“தெரியாம எப்படி இங்க அனுப்புவாங்க?” அவர் நோட்டை மூடினார். பிறகு அரிசி மூட்டைகளைக் கைகாட்டினார். அவள் இடது கையை முன்னே நீட்டிக் குனிந்தாள்.