டியூப்பும் பிலாப்பும்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பிறகு வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்துக்கும் போனேன். அந்தப் பெருமையோடுதான், உழவு இயந்திரத்துக்குச் சாமான் வாங்கி வரச் சொன்ன அப்பாவுக்கு ஒரு பிலாப்பழம் வாங்கிக்கொண்டு போனேன்.

யுத்தம் முடிந்த வருடத்துச் சிறுபோக விதைப்புக் காலம் அது. நாங்கள் இடம்பெயர்ந்திருந்த காலமெல்லாம் இயந்திரம் எங்கள் ஊரான உன்னிச்சையில் மழையிலும் வெயிலிலும் கிடந்தது. அதை வயல்வட்டையில் இறக்கிய அன்றே பின்சில்லின் டியூப் வெடித்தது. விதைநெல் சாக்குக்குள் ஏற்கெனவே முளை கட்டியிருந்தது. மறுநாள் உழுது விதைக்காவிட்டால் முளை நீண்டு பழுதாகிவிடும். வேறு விதை எங்களிடம் இல்லை.

வளாகத்தில் இருந்த என்னிடம் அப்பா பக்கத்து வீட்டுப் போனில் கத்தினார். "மகள், வரக்கொள்ள செங்கலடியில டியூப்பும் பிலாப்பும் வாங்கிற்று வா. சுறுக்கா!"

இரைச்சலில் கடைசிச் சொல் பாதியில் அறுந்ததுபோல எனக்குப் பட்டது. அம்மாவுக்குப் பிலாப்பழம் என்றால் உயிர். மீதியை நானே நிரப்பிக்கொண்டேன்.

டயரின் அளவை முன்பே மனப்பாடம் செய்திருந்தேன். கடையில் ஒரு எண்ணும் பிசகாமல் சொன்னேன்.

"மெக்கானிக்கா புள்ள நீங்க?" என்று கடைக்காரர் சிரித்தார். "ஃப்ளாப் வேணாமா?"

அது என்னவென்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். "வீட்ட கிடக்கு" என்றேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் அப்பா டியூப்பைத் தடவிப் பார்த்தார்.

"பிலாப்பு எங்க மகள்?"

"இந்தா."

முதலில் சிரித்தது மாமா. "மச்சான், இதச் சில்லுக்குள்ள வச்சா மிசின் நல்ல வாசமா ஓடும்."

"கம்பஸில இதத்தானாகா படிப்பிக்கிற?" என்றார் அம்மா. பழத்தை மட்டும் பத்திரமாக வாங்கிக்கொண்டார்.

அப்பா சிரிக்கவில்லை. என்னை ஏசவும் இல்லை. சில்லின் இரும்பு வளையத்தில் என் விரலை வைத்துக் காட்டினார். கறள் பிடித்து, அரம்போல் இருந்தது. அந்த இரும்புக்கும் டியூப்புக்கும் நடுவில் வார்போலப் போடுகிற றப்பர்தான் பிலாப்பு. அது இல்லாவிட்டால் புது டியூப்பும் அரைந்து வெடிக்கும். செங்கலடிக்குத் திரும்பிப் போக பஸ் இல்லை.

"நாளைக்கு உழ ஏலா" என்றார் அப்பா. சாக்கைத் திறந்து முளையைப் பார்த்தார். மூடினார். மறுகாவும் திறந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் துண்டில் குடியிருந்தவர். அப்பா கொடுத்த பழைய டிராக்டர் டியூப்பில் மிதந்துதான் வாவியில் வலை வீசுவார். சுனாமியில் கடல் பொங்கிய அன்று காலையும் அதில்தான் இருந்தார். தண்ணீர் அவரை டியூப்போடு கொண்டுபோய்க் கண்டல் பற்றைக்குள் செருகியது. மாமி வீட்டில் இருந்தார்.

அன்றிலிருந்து மாமா எங்களோடு. அந்த டியூப்பும் எங்களோடு. இடம்பெயர்ந்தபோது சட்டி பானையைக்கூட விட்டுவிட்டுப் போனோம், டியூப்பை மட்டும் அவர் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். வெள்ளிக்கிழமைகளில் அதற்குக் காற்றடிப்பார். ஏனென்று நாங்கள் ஒருபோதும் கேட்டதில்லை.

இப்போது அவர் எழும்பிப்போய் கூரை வளையிலிருந்து அதைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"அது ஒண்ணா மச்சான், வேணாம்" என்றார் அப்பா.

"உங்கட மிசின்ர டியூப்தானே. அளவு சரியா இரிக்கும்."

வால்வைத் திறந்தார். காற்று வெளியேறி முடிய நெடுநேரம் எடுத்தது. மாமா அதன்மேல் கையை வைத்தபடி இருந்தார்.

பிறகு கத்தியை எடுத்து, பிலாப்புக்குப் பதிலாகப் போட உள்வட்டத்தை மட்டும் ஒரு வளையமாக அறுத்தார். நான் இழுத்துப் பிடித்தேன். வால்வை வெட்டி எடுத்த ஓட்டை, புது டியூப்பின் வால்வுக்குச் சரியாகப் பொருந்தியது. "என்ர பிழைதான் மாமா" என்றேன்.

"நீ பிலாப்பழம் கொண்டு வந்தாய். நல்ல பழமா எண்டு நாளைக்குப் பாப்பம்."

மறுநாள் மத்தியானத்துக்குள் உழுது, மட்டப்படுத்தி, விதைத்து முடித்தோம். வரம்பில் குந்தியிருந்து பழத்தைச் சாப்பிட்டோம். நல்ல பழம்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமா பம்பை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். இயந்திரத்தின் பின்சில்லருகே குந்தி, காற்றடிக்கத் தொடங்கினார்.