தரையைத் தொடாத முடி

அன்று கிள்ளானில், நாய் வளர்த்து விற்கும் அங்கிளின் வீட்டு முன்கூடத்தில் இருந்தது நான், என் கணவர், அங்கிள், அவருடைய மனைவி. மேசைமேல் எங்கள் பெட்டை நாய். கூண்டுக்குள் அவர்களுடைய ஆண் நாய். வேறு யாரும் இல்லை. எதையும் எழுதி வாங்காததால், யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவளுக்கு எழுதி வாங்கத் தோன்றவில்லை.

ஒப்பந்தம் வாய்ப்பேச்சுதான். பாதி விலையை வாங்கிக்கொண்டு யார்க்‌ஷயர் டெரியர் குட்டியை எங்களிடம் கொடுத்தார் அங்கிள். ஒரு வயதானதும் கொண்டுவந்து காட்ட வேண்டும். அந்த இனத்துக்குரிய இலட்சணம் எல்லாம் இருந்தால் தன் ஆண் நாயோடு சேர்ப்பார்; முதல் ஈற்றுக் குட்டிகளில் மீதி விலையைக் கழித்துக்கொள்வார். இல்லையென்றால் மீதியை நாங்கள் காசாகக் கட்ட வேண்டும். லோரி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் முதுகு போய் வீட்டோடு படுத்துவிட்ட நேரம் அது. அந்தப் பாதி விலையே என் சங்கிலியை அடகு வைத்த காசு.

இலட்சணத்தை அங்கிள் குட்டியைக் கொடுத்த அன்றே சொல்லிவிட்டார். தலை சின்னதாக இருக்க வேண்டும், உச்சி உருண்டு எழும்பக் கூடாது. காது சிறுத்து நிமிர்ந்து நிற்க வேண்டும். முதுகு மேசைப்பலகை மாதிரி மட்டம். எடை மூன்று கிலோவைத் தாண்டினால் சிரமம். எல்லாவற்றுக்கும் மேல் முடி: முகமும் நெஞ்சும் பொன்னிறம், முதுகு முழுக்க நீலம். “கருங்கல்லுல தண்ணி பட்டா ஒரு நீலம் தெரியும்ல, அந்தக் கலரு. மூக்குலேருந்து வாலு வரைக்கும் நடுவகிடு. ரெண்டு பக்கமும் பட்டு மாதிரி தரை வரைக்கும் தொங்கணும். நடந்தா காலு தெரியக் கூடாது. முடியை மட்டும் வெட்டிறாதீங்கம்மா.”

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு காது மடிந்து கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. மாவு நிறுக்கும் தராசில் அதை உட்காரவைத்து நிறுப்பேன். தின்றால் எடை கூடிவிடுமோ என்று பயம்; தின்னாவிட்டால் செத்துவிடுமோ என்று பயம். காது நின்றது. எடையும் நின்றது. முடிதான் கறுப்பாக, மெலிசாக, அங்கங்கே தோல் தெரிய நின்றது.

“மொட்டை போட்ருவோமா?” என்றார் கணவர்.

எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் பத்துமலை முருகன் கோயிலில் மொட்டை போட்ட பிறகுதான் முடி அடர்த்தியாக வந்தது. அங்கிள் வெட்டாதே என்று சொன்னது எங்களுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் மொட்டை போடுவதை நாங்கள் வெட்டுவதாகவே நினைக்கவில்லை. அது வளர்வதற்காகச் செய்வது. முதுகு வலியோடு குனிந்து உட்கார்ந்து, உடம்பு முழுக்க மழித்து, தலையில் சந்தனமும் பூசிவிட்டார். அதைப் பார்த்து அவர் சிரித்தார். வேலை போனபின் அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

முடி வந்தது. அடர்த்தியாகவும் வந்தது, ஆட்டுக்குட்டி மாதிரி சுருண்டு, சாம்பல் நிறத்தில்.

ஒரு வயதானதும் கிள்ளானுக்குக் கொண்டுபோனோம். மேசைமேல் அங்கிள் அதன் வாயைத் திறந்து பல் பார்த்தார். காதைத் தொட்டார். முதுகில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். “எலும்பு அமைப்பு அருமைமா. என்கிட்டகூட இப்படி ஒரு பெட்டை இல்ல.” பிறகு விரல்கள் முடிக்குள் போய் அங்கேயே நின்றுவிட்டன. “இது என்ன?”

“மொட்டை போட்டோம், அங்கிள்.”

அவர் மனைவிதான் முதலில் சிரித்தார். “அப்படியே காதும் குத்திருக்கலாம்லா!”

அங்கிளும் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். சிரித்தால் விட்டுக்கொடுப்பார் என்று ஒரு நினைப்பு.

“மழிச்சது இதுக்குத்தானே அண்ணே, பொறக்குற குட்டிக்குமா வரும்?” என்று கேட்டார் என் கணவர்.

“வராது. அது எனக்குத் தெரியும், வாங்குறவனுக்குத் தெரியுமா? தாயைக் காட்டுன்னுதான் முதல்ல கேப்பான். இதைக் காட்டுனா எவன் காசு குடுப்பான்?”

“வளந்துடும் அங்கிள்.”

“தரை வரைக்கும் வளர ரெண்டு வருசம் ஆகும். அப்பவும் இந்தச் சுருள் போகுமான்னு சொல்ல முடியாதும்மா.” ஆண் நாயின் கூண்டுக் கதவு திறக்கவே இல்லை.

திரும்பும்போது காரில் என் மடியில் அது தூங்கியது, இரண்டு காதும் நிமிர்ந்தபடியே. கணவர் முதுகுக்குத் தலையணை வைத்து ஓட்டினார்.

இப்போதும் அதைத் தினமும் சீவுகிறேன். வகிடு எடுத்த இடத்திலேயே முடி மறுபடி மூடிக்கொள்கிறது. வகிடு நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. மாதம் ஐம்பது ஐம்பதாக அங்கிளுக்கு அனுப்புகிறேன். சில மாதம் அதுவும் முடியவில்லை. இன்னும் கட்ட வேண்டியது ஆயிரத்து அறுநூற்று ஐம்பது ரிங்கிட்.