வீட்டுக்குள்ள இங்கிலீஷ்

எனக்கு வாய் சும்மா இருக்காது. கல்யாணமாகிச் சங்கரன்கோவிலுக்கு வந்த ஒரே மாசத்தில் தெருவில் பாதிப் பேருக்கு நான் மதினி ஆகிவிட்டேன். தண்ணி பிடிக்கப் போனால் குடம் நிரம்பி வழிந்தது கூடத் தெரியாமல் பேசிக்கொண்டு நிற்பேன். அப்படிப்பட்டவளைத்தான் என் வீட்டுக்காரர் இங்கிலீஷைப் போட்டு அமுக்கினார்.

எழுபதுகளின் கடைசி. அவர் பள்ளிக்கூட வாத்தியார். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுக் காலேஜ் போய், முதல் வருஷம் பூராவும் கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த வயிற்றெரிச்சல் அவருக்கு. மகளுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று, அவள் மழலை பேச ஆரம்பித்ததுமே சட்டம் போட்டார். பிள்ளையிடம் நாங்கள் ரெண்டு பேரும் இங்கிலீஷ்தான் பேச வேண்டும். அஞ்சு வயசில் பாளையங்கோட்டையில் ஒரு கான்வென்டில் ஹாஸ்டலோடு சேர்க்க வேண்டும். அங்கே சேர்க்கும்போது பிள்ளையிடமே இங்கிலீஷில் கேள்வி கேட்பார்களாம்.

“தமிழ் எங்கட்டி போயிரப் போவுது? தெருவுல கெடக்கு. தானா வந்துரும்” என்றார்.

நானும் தலையை ஆட்டினேன். அப்படி ஆட்டியதற்கு இன்றைக்கு வரைக்கும் என்னை நானே ஏசிக்கொண்டிருக்கிறேன்.

என்னுடையது எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷ். நெட்டுருப் போட்டு, தப்பித்தோம் பிழைத்தோம் என்று பாஸானது. அதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை எப்படிக் கொஞ்ச? கம் ஹியர், சிட் டவுன், ஈட், டோன்ட் டச். வேலை ஏவத்தான் அது உதவியது. என் தங்கம், என் செல்லம் என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். முழுங்கிவிட்டு ‘குட் கேர்ள்’ என்பேன். விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தாலும் எனக்குத் தெரிந்தது ‘டோன்ட் க்ரை’தான். அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். ஒரு இடத்தில் உட்கார முடியாது. எதையாவது எடுப்பேன், வைப்பேன், திரும்ப எடுப்பேன்.

பக்கத்து வீட்டில் நாலு விசைத்தறி ஓடியது. அந்த வீட்டுக்காரி கையில் நூலும் வாயில் பேச்சுமாகவே இருப்பாள். என் மகள் பாதி நாள் அங்கேதான். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினால்தான் அங்கே ஒருத்தர் பேசுவது இன்னொருத்தர் காதில் விழும். என் பிள்ளை தமிழைப் படித்தது அந்த இரைச்சலுக்குள்ளே. அதனால் அவளுக்கு இங்கிலீஷில் பூனைக்குரல், தமிழில் மைக்செட் சத்தம். தமிழ் என்றாலே கத்த வேண்டும் என்று நினைத்திருக்கிறாள், பாவம்.

ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “அத்த, அங்கன ஒரு பூன குட்டி போட்டிருக்கு, வாங்க காட்டுதேன்” என்று அவள் கத்துவது கேட்டது. அதற்குப் பிறகு பூனையின் கதை நீளமாகப் போனது. ரெண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்தவளிடம் “வாட் டிட் யூ ஸீ?” என்றேன். “கேட், மம்மி” என்றாள். அவ்வளவுதான். என் பிள்ளையின் பேச்செல்லாம் அடுத்தவள் வீட்டில் செலவழிந்துகொண்டிருந்தது.

அவர் போட்ட சட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. சாயங்கால ஜெபம். ஆண்டவரிடம் இங்கிலீஷில் பேச என் வீட்டுக்காரருக்கே துணிச்சல் வரவில்லை. மூன்று பேரும் முழங்கால் போடுவோம். என் முறை வந்ததும் ஆண்டவரிடம் பேசுகிற மாதிரி நான் பிள்ளையிடம் பேச ஆரம்பித்தேன்.

“ஆண்டவரே, இந்தப் பிள்ள இன்னைக்குக் கத்திரிக்காயத் துப்பிட்டா. சிரிக்கும்போது அவ கன்னத்துல குழி விழுது, அது எம்புட்டு அழகுன்னு அவளுக்குத் தெரியாது ஆண்டவரே. மத்தியானம் அவ முட்டியில ரத்தத்தப் பாத்ததும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு.”

ஜெபம் நீண்டுகொண்டே போகும். அவர் தொண்டையைச் செருமுவார். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தால், மகள் முழங்காலிலேயே தூங்கி வழிவாள்.

“ஏட்டி, ஆண்டவருக்கு வேற வேல இல்லையா?” என்பார் அவர், ஆமென் சொன்ன கையோடு.

“அவருக்கு இருக்கு. எனக்குத்தான் பேச வேற ஆளு இல்ல.”

அவர் வேதப்புத்தகத்தை எடுத்து வைப்பார்.

அஞ்சு வயசு முடிந்தது. பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போனோம். கேட்டதற்கெல்லாம் பூனைக்குரலில் டாண் டாண் என்று பதில் சொன்னாள். சீட் கிடைத்துவிட்டது. ஜூன் மாசம் கொண்டுவந்து விடச் சொன்னார்கள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணத்தன்றைக்குக் கூட அப்படிச் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் பின்னால் ஆம்பளைகள் பக்கம் உட்கார்ந்தார். நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தேன். ஜூனுக்கு இன்னும் ஆறு வாரம். அப்புறம் லீவுக்கு வந்தால்தான் உண்டு. எதற்காகச் சட்டம் போட்டாரோ அது நடந்துவிட்டது. இனி நான் என் பிள்ளையிடம் தமிழில் பேசினால் யார் கேட்பது? மானூர் தாண்டியதும் அவள் முகத்தைத் திருப்பி வைத்து வாயைத் திறந்தேன். சொல்ல ஆயிரம் இருந்தது. ஒரு வார்த்தை வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்தாலே நாக்கு தானாக மறுபக்கம் புரண்டுகொண்டது. கடைசியில் “ஆர் யூ ஹங்ரி?” என்றுதான் கேட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

பக்கத்தில் முருங்கைக்காய்க் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா எங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். “பிள்ளைக்குத் தமிழ் வராதா தாயி?” என்று என்னிடம் கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் மகள் திரும்பினாள். பஸ் இரைச்சலுக்கு மேலே, டிரைவருக்கே கேட்கிற மாதிரிக் கத்திச் சொன்னாள்.

“எனக்கு வரும். மம்மிக்கும் எல்லார்ட்டயும் வரும். எங்கிட்ட மட்டுந்தான் வராது.”