கணினிக்குச் செய்த பொங்கல் சுத்தம்

எங்கள் வீட்டுக்கு முதல் கணினி போர்வெல் லாரியில் வந்தது. மாமா அப்போது ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். எங்கோ ஒரு கல்லூரி கழித்துப்போட்ட பெட்டியை வாங்கி, இரும்புக் குழாய்களுக்கு நடுவில் சாக்கில் சுற்றி, எங்கள் ஊரான இளம்பிள்ளைவரை கொண்டுவந்து சேர்த்துவிட்டார். அதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் இருந்தது. அது காசில்லாமல் கிடைப்பது என்று மாமா சொன்னதும் அம்மாவுக்கு அதன்மேல் இருந்த மரியாதை பாதியாகிவிட்டது.

கணினி வந்தது சித்திக்காக. எங்களோடு இருந்த அம்மாவின் தங்கை அவள். நூல் மில்லில் வேலை. விடிவதற்குள் வேன் வந்து ஆரன் அடிக்கும். மில் போக மிஞ்சிய நேரத்தில் சேலை பார்டருக்கு டிசைன் வரைவாள், ஒவ்வொரு கட்டமாக நிரப்பி. கணினியில் வரைந்த டிசைன் நாலு கொண்டுவந்தால் பொங்கல் கழிந்ததும் தன்னிடமே டிசைன் வேலைக்குச் சேர்த்துக்கொள்வதாக ஊரில் ஒரு சேலை வியாபாரி சொல்லியிருந்தார். மில் வேனிலிருந்து இறங்க அவளுக்கு இருந்த ஒரே வழி அது. மூன்றரை டிசைன் முடிந்திருந்தது.

பொங்கலுக்கு முந்தைய வாரம் எங்கள் பக்கம் வீடே தலைகீழாகும். பொங்கலுக்கு முந்தின நாள் வாசலில் பூக்கொத்து கட்டுகிற காப்புக்கட்டுக்குள் வெள்ளையடித்து, பரணில் இருப்பதை இறக்கி, ஒரு வருடமாக யாரும் தொடாததை எல்லாம் வெளியே எறிந்தாக வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் ஒரு வேலை உண்டு. ஒன்பது வயதான எனக்கு மட்டும், "குறுக்க வராத ஒரு ஓரமா உக்காரு" என்று அம்மா சொல்லிவிட்டாள். கணினியை இன்னும் யாரும் சுத்தம் செய்யவில்லை என்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

மென்பொருள்களைச் சேர்க்கவும் நீக்கவும் அதில் ஒரு சாளரம் இருந்தது. சித்தி அதைத் திறந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கடவுச்சொல்லும் தெரியும், எங்கள் எருமையின் பெயர்தான். உள்ளே ஆயிரக்கணக்கில் பெயர்கள். எது எதற்கு என்று தமிழில் ஒரு வரி கிடையாது. சித்தி வரைகிற மென்பொருளையும் ஒரு சீட்டாட்டத்தையும் விட்டுவிட்டு, முன்பின் தெரியாத பெயர்களாகப் பார்த்து நூறு, நூற்றைம்பது தேர்ந்தெடுத்தேன். தெரியாதவர்களுக்கு நம் வீட்டில் என்ன வேலை? கணினி உடனே சம்மதிக்கவில்லை. ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ புலம்பிவிட்டு, ஒரு வாக்கியத்தைக் காட்டி, அதை அப்படியே தட்டச்சு செய்யச் சொன்னது. நாலு கோடு நோட்டில் பார்த்தெழுதிப் பழகிய கை, ஓர் எழுத்தும் பிசகவில்லை. ‘ஆமாம், நான் சொல்கிறபடி செய்’ என்பது அதன் பொருள் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் அதுவரை எனக்கு யாரும் செய்யாததை அது செய்தது.

சாயங்காலம் மில்லிலிருந்து வந்த சித்தி பொத்தானை அழுத்தினாள். திரை கறுப்பாக இருந்தது. மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. மாமாவுக்குப் போன் போட்டார்கள். "ஒயரப் புடுங்கிட்டு மறுக்கா சொருவிப் பாரு சாமி" என்றார். அதையும் பார்த்தாயிற்று. மறுநாள் சேலத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள இருந்ததெல்லாம் போச்சுங்க" என்று சொல்லி, மொத்தத்தையும் அழித்துப் புதிதாக வேறொன்றைப் போட்டுக் கொடுத்தார்.

சித்தி அழவில்லை. "நாந்தானுங்கக்கா எதையோ மாத்தி அமுக்கிட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னாள். காப்புக் கட்டுவதற்கு ஆவாரம்பூவும் பூளைப்பூவும் பிரித்துக்கொண்டிருந்த எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தப்பித்தேன் என்று நினைத்தேன். மாட்டுப்பொங்கல் முடிந்ததும் வேன் வந்து ஆரன் அடித்தது, சித்தி ஏறிப் போனாள். வியாபாரி வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்.

இப்போது அதே மாதிரிச் சாளரங்களை எளிமையாக்கும் குழு ஒன்றில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு மென்பொருளுக்கும் அது எதற்கு என்று தமிழில் ஒரு வரி எழுதுகிறோம். இதை எடுத்தால் உங்கள் திரையே போய்விடும் என்று நேராகச் சொல்லிவிடுகிறோம். இந்த வேலைக்கு வந்த பிறகுதான் ஒன்று விளங்கியது. அன்று நான் நீக்கியது திரையில் படம் காட்டுகிற பகுதியைத்தான். மூன்றரை டிசைனும் உள்ளே பத்திரமாக இருந்தன, கடைக்காரர் அழிக்கும்வரை. நான் வாய் திறந்திருந்தால் விவரம் தெரிந்த யாராவது மீட்டுக் கொடுத்திருப்பார்கள். எனக்கு முதுகில் நாலு விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "சும்மா இரு. ஒம்போது வயசுப் புள்ளைக்கு அதெல்லாம் செய்யத் தெரியுமா? நாந்தான் கெடுத்துக்கிட்டேன்" என்றாள். எருமையின் பெயரைச் சொன்னேன், தட்டச்சு செய்த வாக்கியத்தைச் சொன்னேன். அவள் நம்புவதாக இல்லை. நான் பேசாமல் இருந்துவிட்டால் தப்பு தானாகக் காணாமல் போய்விடும் என்று ஒன்பது வயதில் நினைத்திருந்தேன். அது பக்கத்தில் நிற்பவர்மேல் போய் உட்காரும் என்று எனக்குத் தெரியாது.

பேச்சு முடிந்தது என்பதுபோல் சித்தி தன் போனை என்னிடம் நீட்டினாள்.

"கேஸ் புக் பண்ணோணும் சாமி. நீயே அமுக்கிக் குடு. நான் தொட்டா ஏதாச்சும் ஆயிரும்."