டீ வண்டியில் விழுந்த ஒடுக்கு

சவுரிராயன் கேட்டது பெரிய வரம் ஒன்றும் இல்லை. அவன் மனைவி பூமாலை இனிமேல் பண்ணைக்காரர் விருத்தாசலத்தின் வயலில் நடவுக்கு இறங்கக் கூடாது. அவ்வளவுதான்.

கெடார் சேரியில் பிறந்தவன் அவன். சண்டைக் காலத்தில் பட்டாளத்து லாரிகளைக் கழுவப் போனான். கழுவிய லாரியை நகர்த்தக் கற்றான்; நகர்த்தியதை ஓட்டக் கற்றான்; லைசென்ஸும் எடுத்துவிட்டான். பிறகு விழுப்புரத்தில் விறகு லாரி, திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஏற்றும் லாரி என்று பல முதலாளிகளைப் பார்த்தான். ஐம்பத்தேழாம் வருஷம் ஒரு டீத்தூள் கம்பெனி தன் விளம்பர வண்டிக்கு டிரைவர் தேடியது. அவனைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வண்டியைக் கிராமத்து ஜனங்கள் ‘வீட்டு வண்டி’ என்றார்கள். பச்சை வர்ணம் அடித்த தகட்டு உடம்பு. உள்ளே இரண்டு படுக்கைப் பலகைகள், ஒரு ஸ்டவ், தண்ணீர்ப் பீப்பாய், ஜன்னலுக்குத் திரை. மாதத்தில் பாதி நாள் வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே தூங்கி ஊர் ஊராகப் போக வேண்டிய வேலை அது. ஒரு பலகையில் பாண்டுரங்கன் படுப்பான். மைக்கில் பேசுவதும் படம் காட்டுவதும் அவன் வேலை. இன்னொரு பலகையில் டீத்தூள் பெட்டிகள் இருக்கும். சவுரிராயன் வண்டியின் கூரைமேல் சாமான் கட்டும் கம்பிகளுக்கு நடுவில் படுத்துக்கொள்வான். மழை வந்தால் இறங்கி ஸ்டியரிங்குக்கு அடியில் சுருண்டுகொள்வான். பாண்டுரங்கன் கெட்டவன் இல்லை. பெட்டிகளை மேலே ஏற்றிவிட்டு மனுஷனைக் கீழே படுக்க வைக்கலாம் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

இதையெல்லாம் சவுரிராயன் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. மானேஜர் திண்டிவனத்துக்கு வந்து வண்டியைப் பார்வையிடுவார். வண்டி பழுதில்லாமல் இருந்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் விழுப்புரத்தில் ஒரு அறை எடுத்துப் பூமாலையைக் கூட்டி வந்துவிடலாம். அவள் அதற்குள்ளேயே விருத்தாசலத்திடம் போய், “அடுத்த நடவுக்கு நான் வரலிங்க, வேற ஆளப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

“அவசரப்பட்டியே! ஆவட்டும்னு காத்திருக்கக் கூடாதா?” என்றான் சவுரிராயன்.

“அந்த ஆளு மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்னு எத்தன வருசமா வாயில வச்சிக்கினு இருந்தேன் தெரியுமா? சொல்லிட்டேன். இனிமே நீதான் காப்பாத்தணும்.”

மானேஜர் திங்கட்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. அதற்கு முந்திய சனிக்கிழமை சாயங்காலம், அனந்தபுரத்துக்கு அப்பால் ஒரு ஊருக்கு வண்டி போயிற்று. ஊரின் பெயர் எதற்கு? அது போல் பல ஊர்கள் உண்டு.

எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தேரோடும் தெருவைச் சுற்றி மைக்கில் கூவ வேண்டும். கோயில் முன்னால் நிறுத்தி, டீ போட்டு, ஆளுக்கு ஒரு குவளை சும்மா கொடுக்க வேண்டும். இருட்டியதும் துணி கட்டிப் படம் காட்ட வேண்டும். காக்கிச் சட்டையும் மோட்டார் சத்தமும் இருந்ததால் ஓட்டுகிறவன் யார் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனால் அந்த ஊரில் கெடாரில் பெண் எடுத்த ஒருவர் இருந்தார். தெருமுனையில் வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றார். அவருக்குப் பின்னால் பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள்.

“டே, நீ கெடாரு சேரி அந்தோணி மவன் இல்ல?”

“ஆமாங்க.”

“இந்தத் தெருவுல நாங்களே செருப்பக் கயட்டிக் கையில வச்சிக்கினு நடக்கறோம். நீ இன்னாடான்னா ராசா மாதிரி குந்திக்கினு வர்ற?”

பாண்டுரங்கன் குதித்து இறங்கினான். “கம்பெனி வண்டிங்க இது. டீ குடுத்துட்டுப் போயிடறோம்.”

“வண்டி வரட்டும்பா, யாரு வாணாம்னது? அவன் எறங்கட்டும். நீ ஓட்டிக்கினு வா.”

“எனக்கு ஓட்டத் தெரியாதுங்களே.”

“அப்போ ரெண்டு மாட்டக் கட்டி இழுத்துக்கினு வா!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள்.

சவுரிராயன் கியரை மாற்றினான். தெருமுனைக்கு வந்த சந்து குறுகலானது; திருப்ப இடமில்லை. பின்னாலேயே எடுக்க வேண்டியதாயிற்று. மற்ற நாளில் பாண்டுரங்கன் பின்புறம் நின்று தகட்டைத் தட்டி, “வா, வா, நிறுத்து” என்பான். அன்று அவன் இன்னும் அந்த மனிதர்களிடம் கும்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தான். மாடு கட்டும் கல்தூண் ஒன்று சந்து ஓரத்தில் நின்றது. வண்டியின் இடது பின்மூலை அதில் போய் மோதியது. முறம் அகலத்துக்கு ஒடுக்கு விழுந்து, பச்சை வர்ணம் உரிந்து, தகடு வெள்ளையாகத் தெரிந்தது.

ஊரைத் தாண்டி வந்து நிறுத்தி இருவரும் அதைப் பார்த்தார்கள். வண்டி எங்கே அடிபட்டாலும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், கம்பெனியே சரி செய்துகொள்ளும் என்பது விதி.

“எழுதிக் குடுத்துடு சவுரி. இதுக்குப் போயி தலையவா எடுத்துடுவாங்க?” என்றான் பாண்டுரங்கன்.

“எதுக்கு ரிவர்ஸ் எடுத்தேன்னு கேப்பாங்களே சார்.”

“நடந்தத சொல்லேன்.”

“சொன்னா, தெருவுக்குள்ள போவ முடியாத டிரைவரு நமக்கு எதுக்குன்னு யோசிக்க மாட்டாங்களா?”

“என்னமோ செய். நானா வாயத் தொறக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, பாண்டுரங்கன் ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கக் கண்டமங்கலத்து வீட்டுக்கு பஸ் ஏறினான்.

மறுநாள் காலை விழுப்புரத்தில் பெயிண்டர் மாரியப்பன் வீட்டுக்கு சவுரிராயன் போனான். லாரிகளுக்கு மாரியப்பன் பட்டி பூசுவதை அவன் பலமுறை பார்த்திருக்கிறான். சீமைச் சுண்ணாம்புப் பொடியை ஆளிவிதை எண்ணெய் விட்டுப் பிசைந்து பள்ளத்தில் அப்புவார்கள். காய்ந்தால் கல்லாகிவிடும். மாரியப்பன் வீட்டில் இல்லை. அவன் மனைவி பொடியை மட்டும் ஒரு காகிதத்தில் கொட்டிக் கொடுத்தாள். எண்ணெய்த் தகரம் கொட்டகைக்குள் இருந்தது. கொட்டகைச் சாவி மாரியப்பன் மடியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடைகளும் இல்லை. பொடியோடு கெடாருக்கு வண்டியை விட்டான்.

ஏரிக்கரைச் சரிவில் நிறுத்தி, டீத்தூள் பெட்டிகளை இறக்கி, உள்பக்கத்துப் பலகையைக் கழற்றினான். ஒடுக்கின் முதுகு தெரிந்தது. அவன் உள்ளே கொட்டாப்புளியோடு உட்கார்ந்துகொண்டான். வெளியே பூமாலை அம்மிக் குழவியைத் தகட்டோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள். உள்ளிருந்து மரச் சுத்தி தட்ட, வெளியிலிருந்து கல் தாங்க, நடுவில் தகடு மெல்ல மெல்ல நேராகும். எடுத்த எடுப்பில் நடுவில் அடிக்கக் கூடாது. ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வர வேண்டும். அவசரப்பட்டால் தகடு நீண்டு உப்பிப்போகும். பிறகு யாராலும் சரி செய்ய முடியாது.

“அங்க இல்லடி, இன்னும் மேல!”

“மேலன்னா எங்க? எனக்குத் தகடுதான் தெரியுது, உன் தலையா தெரியுது?”

“நான் தட்டற சத்தத்தக் கேட்டுக்கினே வா.”

“கையில வாங்கிக்கினே வர்றேன், சத்தத்த வேற கேக்கணுமாம். அம்மிய இன்னிக்கு அரைக்க விடமாட்டியா? பிள்ளைங்களுக்கு கேப்பக் களிக்குத் தொட்டுக்க ஒண்ணும் இல்ல.”

மத்தியானத்துக்குள் ஒடுக்கு எழும்பிவிட்டது. அம்மை வடு போல் சின்னச் சின்னப் பள்ளங்கள் மட்டும் மிச்சம். அவற்றுக்குப் பட்டி வேண்டும். பொடி இருந்தது; எண்ணெய் இல்லை.

பூமாலை வீட்டுக்குப் போய் மல்லாட்டை எண்ணெய்ச் சட்டியை எடுத்து வந்து வைத்தாள்.

“இது ஆவாது. அது வேற எண்ண.”

“எண்ணயில இன்னா வேற? கதவுக் கீலுக்கு இதுதான், மாட்டுப் புண்ணுக்கு இதுதான், நம்ம மண்டைக்கும் இதுதான். உன் கம்பெனி வண்டிக்கு மட்டும் ஒத்துக்காதா?”

சவுரிராயன் சட்டியில் விரலைத் தொட்டுப் பார்த்தான். மாரியப்பனுடைய எண்ணெயும் இதே மஞ்சள்தான், இதே வழவழப்புதான். சுற்று வட்டாரம் முழுக்க மல்லாட்டையை விதைத்து, ஆட்டி, அதிலேயே பிழைக்கிற மண்ணில் வளர்ந்தவனுக்கு, அந்த எண்ணெய் உதவாத வேலை ஒன்று உண்டு என்று மனசு நம்ப மறுத்தது. பிசைந்து பார்த்தான். மாரியப்பன் கையில் வருவதுபோலவே உருண்டு வந்தது. அப்பினான், வழித்தான், உப்புத்தாளால் ஓரங்களைத் தேய்த்தான். வண்டியிலேயே இருந்த பச்சைப் பெயிண்டைப் பூசினான். பொழுது சாயும்போது பூமாலை பத்தடி தள்ளி நின்று பார்த்தாள்.

“எங்கய்யா இருந்துச்சு அது? எனக்கே தெரியலயே.”

அவன் சிரித்தான்.

“விழுப்புரத்துல பாக்கற ரூமுக்கு ஜன்னல் இருக்கணும், சொல்லிட்டேன்” என்றாள்.

திங்கட்கிழமை விடியற்காலையில் புறங்கையால் தொட்டுப் பார்த்தான். லேசாக ஒட்டியது. பனியில் காயவில்லை போலிருக்கிறது, வெயில் பட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தான். திண்டிவனத்தில் பயணிகள் பங்களா வாசலில் நல்ல புளிய மர நிழல் இருந்தது. அந்த நிழலை விட்டுவிட்டு, இடது பக்கம் வெயிலைப் பார்க்கும்படி வண்டியை நிறுத்தினான். பாண்டுரங்கன் கண்டமங்கலத்திலிருந்து வந்து சுற்றிப் பார்த்து, “அடேயப்பா, கெட்டிக்காரன்யா நீ” என்றான்.

மானேஜர் கிருஷ்ணசாமி வர உச்சிப் பொழுதாகிவிட்டது. எஞ்சினைப் பார்த்தார், டயரை உதைத்தார், படுக்கைப் பலகையைத் தட்டினார். எல்லாம் நன்றாக இருந்தது. இறங்கிப் போகத் திரும்பியவர் நின்றார்.

“பாண்டுரங்கம், உள்ளே சர்க்கரையைக் கொட்டி வெச்சிருக்கியா? எறும்பு ஏறுதே!”

சக்கரத்தின் வழியாக ஏறிய எறும்பு வரிசை நேராக இடது பின்மூலைக்குப் போய் அங்கேயே மொய்த்துக்கொண்டிருந்தது. மானேஜர் கிட்டே போனார். பச்சை வர்ணம் பால் ஆடைபோலச் சுருங்கியிருந்தது. ஓரத்தில் எண்ணெய் வியர்த்திருந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“என்னப்பா இது? வண்டியிலே அல்வா கிண்டியிருக்கே?”

சவுரிராயன் தகட்டையே பார்த்தபடி நின்றான். மல்லாட்டை எண்ணெய் காயாது என்பது அவனுக்கு அந்த நிமிஷம் விளங்கியது. எத்தனை வெயில் வந்தாலும் காயாது. வெயில் ஏற ஏற இளகத்தான் செய்யும்.

“மாடு குறுக்கால வந்துச்சுங்க. பின்னால எடுத்தேன், இடிச்சுட்டேன்” என்றான்.

“மாடு வந்தா எழுதிக் கொடுக்கறதுதானே? இதை ஏன் மறைக்கணும்? குடிச்சிருந்தியா?”

“இல்லிங்க.”

“தூங்கிட்டியா?”

பாண்டுரங்கனுக்குப் பொறுக்கவில்லை. சவுரிராயனைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் அவன் வாயைத் திறந்தான். அதில் சந்தேகம் இல்லை.

“சார், சவுரி மேல தப்பே இல்ல சார். குடிக்கற பழக்கமே கெடயாது. ஊர்க்காரங்கதான் தெருமுனையிலயே மறிச்சுட்டாங்க. இவன் சேரி ஆளுன்னு ஒருத்தன் சொல்லிக் குடுத்துட்டான். தேரோடற தெருவுல வரக் கூடாதுன்னு ஒரே பேஜாரு. அதான் ரிவர்ஸ்ல வர வேண்டியதாப் போச்சு.”

மானேஜரின் முகத்திலிருந்த கோபம் போய்விட்டது. அவர் குரல் இளகியது. அந்த இளக்கத்தைக் கேட்டதும்தான் சவுரிராயனின் கை சட்டைப் பையிலிருந்த வண்டிச் சாவியைத் தேடியது.

“அப்படியா சங்கதி. ஒடுக்கு விழுந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லலைப்பா. வண்டின்னா அடிபடும். ஆனா, இதுபோல இன்னும் எத்தனை ஊர்லே நிறுத்துவாங்க?”

எறும்பு வரிசையைப் பார்த்தபடியே மானேஜர் மேலும் சொன்னார்.

“ஒரு ஊர்லே தெரிஞ்சா அடுத்த ஊருக்கும் தெரியும். இந்த அநியாயத்தை நான் சரின்னு சொல்லலே. கம்பெனி டீ விக்கணும், அதுதான் எனக்குத் தெரியும். நல்ல வேலைக்காரன் நீ. வேற எங்கேயாவது கேட்டா நானே சிபாரிசு சொல்றேன்.”

“ஐயா, சிபாரிசு வாணாங்க. இந்த வேலையே…”

“புரிஞ்சுக்கோப்பா” என்றார் மானேஜர், விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு. சாவியைப் பாண்டுரங்கனிடம் கொடுத்துவிடச் சொன்னார். ஓட்டத் தெரியாத பாண்டுரங்கன் அந்தச் சாவியை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றான்.

சவுரிராயன் அதற்குப் பிறகு விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் லாரி முதலாளிகளிடம் போய்க் கேட்டான். கம்பெனி வேலைக்குப் போய் நீக்கப்பட்டு வந்தவன் என்ற பேச்சு அவனுக்கு முன்பே அங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. “இன்னாத்துக்கு அனுப்பினாங்க?” என்று கேட்பார்கள். நிஜத்தைச் சொன்னால், “அதுக்குப் போயா?” என்று நம்பாமல் சிரிப்பார்கள். பூமாலையிடம் அவன் தெருவில் மறித்ததைச் சொன்னான், பாண்டுரங்கன் பேசியதைச் சொன்னான், எண்ணெயைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சட்டியில் மிச்சமிருந்த எண்ணெயை அவள் சமையலுக்கு எடுக்கவில்லை. விளக்குக்கு ஊற்றித் தீர்த்தாள்.

நடவுக் காலம் வந்தது. இருவரும் விருத்தாசலத்தின் களத்துமேட்டில் போய் நின்றார்கள். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே வெகுநேரம் நிற்க வைத்தார்.

“வேற ஆளப் பாத்துக்கச் சொன்னியே பூமாலை. பாத்துட்டேனே.”

“தப்புத்தாங்க.”

“தப்புன்னு தெரிஞ்சா சரி. உன்ன மட்டும் எடுத்துக்க முடியாது. ரெண்டு பேரும் இறங்குங்க. டிரைவரு கையும் கொஞ்சம் நாத்துப் புடிக்கட்டும்.”

லாரி கழுவப் போன வயசுக்குப் பிறகு சவுரிராயன் சேற்றில் கால் வைத்ததில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். நாற்று முடிச்சுகளைத் தூக்கிக்கொண்டு நடவுக்காரிகளுக்கு நடுவில் தடுமாறி நடந்தான். வரிசையில் குனிந்திருந்த பூமாலை நிமிராமலே கத்தினாள்.

“காலப் பாத்து வையிய்யா. நட்டதையெல்லாம் மிதிக்கிற.”