அப்பா எழுந்து கொடுத்த இருக்கை

பெரிய பயணிகள் விமானங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. எண்ணெய்க் கறை நகத்தைவிட்டுப் போவதே இல்லை. புலம்பிக்கொண்டேதான் செய்கிறேன், ஆனால் நாலு நாள் லீவு போட்டால் வீட்டில் இருப்புக் கொள்ளாது. நான் பார்த்து அனுப்பிய விமானத்திலேயே ஏறிப் பறக்க வாய்க்கும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடலாமா என்று வாய் துடிக்கும். இந்தக் கொடுப்பினைக்கெல்லாம் என் தாய்மாமாதான் காரணம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

மாமா சென்னையில் விமானம் கழுவும் வேலையில் இருந்தார். மலைமேல் இருக்கும் எங்கள் புதூர்நாட்டுக்கு வந்தால் எங்கள் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிடும். ஒரு இறக்கையின் மேல் நம் ஊர்ச் சாமை மொத்தத்தையும் காயப் போடலாம் என்பார். அதில் பாதி பொய் என்று தெரிந்தே கேட்போம்.

நான் எட்டாவது முடித்த கோடை அது. மேலே படிக்க மலையிறங்கி ஹாஸ்டலில் தங்க வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் நடுவில் பெண்பிள்ளையை விடமாட்டேன் என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். அம்மா அழுது பார்த்தாள், நான் சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். அவர் பாட்டுக்குப் புளி உலுக்கப் போய்விட்டார்.

அப்போதுதான் மாமா தனக்குக் கிடைத்த சலுகை டிக்கெட்டுகளோடு வந்தார். அப்பாவும் நானும் டெல்லிக்குப் பறந்துபோய்த் திரும்ப வேண்டும். உலகத்தை ஒருமுறை மேலேயிருந்து பார்த்தால் மச்சான் மனசு இளகும் என்பது அவர் போட்ட திட்டம்.

எங்கள் மலை ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு. பத்துப் பேர் ஏறும் வண்டியில் இருபது பேர் ஏறுவோம், ஆனாலும் ஒரு பெண்பிள்ளை நின்றுகொண்டு வரக்கூடாது. யாராவது ஓர் ஆண் எழுந்து இடம் கொடுத்துவிட்டுப் பின்னால் தொற்றிக்கொள்வார்.

விமானம் மேலேறியதும் பணிப்பெண் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். எங்கள் வரிசைக்கு வந்தபோது அப்பா தட்டை வாங்கவில்லை. பெல்ட்டை எப்படியோ கழற்றிவிட்டு எழுந்து நின்றார்.

“நீ ஒக்காரும்மா. அப்பலேர்ந்து நின்னுகினே கீற. நான் பின்னால நின்னுகினு வர்றேன்.”

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. எனக்கு மானம் போய்விட்டது. இவர் யாரோ, நான் யாரோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. இதுதான் தன் வேலை என்று சொல்லி அவரை மரியாதையாக உட்கார வைத்தாள். அப்பா விடுகிறவரா? எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், வீட்டைவிட்டு வந்து எத்தனை நாளாகிறது என்று கேட்டுக்கொண்டே போனார். தேனிப் பக்கம், அப்பாவுக்கு வாழைத் தோட்டத்தில் கூலி வேலை என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. பேச்சு எப்போது முடியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள், என் துணிமணிகளை எடுத்து வைக்கும்படி அப்பா அம்மாவிடம் சொன்னார். மாமா மீசையை முறுக்கிக்கொண்டார். நானும் எல்லாம் விமானத்தின் மகிமை என்றே நம்பினேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்று அப்பாவுக்குப் போன் செய்தேன். மேகத்தைப் பார்த்துத்தானே அன்றைக்கு மனசு மாறியது என்று கேலியாகக் கேட்டேன்.

“மேகத்த யாரு பாத்தா? அந்தப் பொண்ணத்தான் பாத்துகினு வந்தேன். அத்தினி பேரு நடுவுல தனியா நிக்குது, ஒருத்தருக்கும் பயப்படல. அவங்கப்பன் வுட்டுக்கீறான், எனக்கு இன்னா கேடுன்னு தோணுச்சு.”

அப்பா என்னை வெளியே அனுப்பத் துணிந்துகொண்டிருந்த அந்த நேரம் முழுக்க, நான் அவருடைய மகள் இல்லை என்பதுபோல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.